கையெழுத்துப் போட்டவர்கள் ஓட்டுப் போடவும் வர வேண்டுமானால்: திரும்ப அழைக்கும் தேர்தலுக்கு ஒரு வழிகாட்டி

மேயரையோ கவுன்சிலரையோ பதவிக்காலம் முடிவதற்குள் மக்களே ஓட்டுப் போட்டு இறக்குவதுதான் திரும்ப அழைக்கும் தேர்தல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903-லேயே இதைத் தன் நகரச் சாசனத்தில் சேர்த்தது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்கள், போலந்து, தைவான், ஜப்பான், பெரு, கொலம்பியா, இந்தியாவில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று பல இடங்களில் ஏதோ ஒரு வடிவில் உள்ளாட்சி அளவில் இது இருக்கிறது. அமெரிக்காவில் மக்களே தேர்ந்தெடுக்கும் மாநில ஆளுநரை இறக்கும் தேர்தல் என்றால் தொலைக்காட்சியே ஊரைக் கூட்டிவிடும். கலிஃபோர்னியாவில் 2003-ல் நடந்த அப்படியொரு தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் 61 சதவீதம் பேர் வந்தார்கள். ஒரு வார்டு கவுன்சிலருக்கோ பள்ளி வாரிய உறுப்பினருக்கோ அந்த வெளிச்சம் கிடைக்காது. இந்தத் தேர்தலைக் கோரும் மனுவில் கையெழுத்து வாங்கும்போது முண்டியடித்த கூட்டம் வாக்குப்பதிவு அன்று பாதிகூடத் தேறாமல் போகலாம்.

இதை ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்று சொல்லிக் கடந்துபோவது தவறு. வராதவர்களில் பலருக்குத் தேர்தல் நடப்பதே தெரிந்திருக்காது. தெரிந்தவர்களில் சிலருக்கு ‘ஆம்’ என்றால் மேயர் போகிறாரா, இருக்கிறாரா என்பதில் குழப்பம். இன்னும் சிலர் வரவே பயப்படுகிறார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. கீழே சொல்வது பதவியில் இருப்பவரை இறக்க நினைப்பவர், காக்க நினைப்பவர், எந்தப் பக்கமும் சேராத குடிமக்கள் அமைப்பு எல்லோருக்கும் பொருந்தும்.

முதலில் சட்டத்தைப் படித்து இலக்கைக் கணக்கிடுங்கள்

நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. திரும்ப அழைக்கும் சட்டங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். உங்கள் ஊரில் 20,000 வாக்காளர்கள், கடந்த தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 9,000 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகையில் வந்த ஓட்டில் பெரும்பான்மை போதும். குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை. கலிஃபோர்னியா அப்படித்தான். 4,000 பேர் வந்தால் 2,001 ஓட்டு முடிவைத் தீர்மானிக்கும். இங்கே குறைந்த வருகை இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து. நன்றாகத் திரட்டப்பட்ட சிறு கூட்டம் ஊரின் பெயரால் முடிவெடுத்துவிடும்.

இரண்டாம் வகையில் வருகைக்கே ஒரு வரம்பு உண்டு. போலந்தில், அந்தப் பதவியில் இருப்பவரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்களோ அதில் ஐந்தில் மூன்று பங்கினராவது வர வேண்டும். நம் உதாரண ஊரில் அது 5,400. 5,399 பேர் வந்து அத்தனை பேரும் ‘நீக்கு’ என்றாலும் வாக்கெடுப்பு செல்லாது. வார்சாவில் 2013 அக்டோபரில் இதுதான் நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேயரை நீக்கச் சொன்னார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் சுமார் 29 சதவீத வருகை தேவைப்பட்ட இடத்தில் 25.66 சதவீதம் பேர்தான் வந்தார்கள். மேயர் பதவியில் தொடர்ந்தார்.

மூன்றாம் வகையில் ‘நீக்கு’ என்று போடுபவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு. தைவானில் ‘நீக்கு’ ஓட்டு ‘நீக்காதே’ ஓட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். கூடவே மொத்த வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கையும் எட்ட வேண்டும். நம் ஊருக்கு அது 5,000. காவ்சியோங் நகரில் 2020 ஜூன் 6 அன்று மேயர் ஹான் குவோ-யூவை நீக்க 9,39,090 ஓட்டு விழுந்தது. தேவைப்பட்டது சுமார் 5,75,000. ‘நீக்காதே’ ஓட்டு 25,051 மட்டுமே.

உங்கள் ஊர் எந்த வகை என்று தெரிந்ததும் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். இலக்கு 5,400 என்றால், எந்தத் தேர்தல் வந்தாலும் தவறாமல் போடுபவர்கள் எத்தனை பேர் என்று பழைய பதிவேட்டில் பாருங்கள். அது 2,500 என்றால் மீதி 2,900 பேரை நீங்கள்தான் திரட்ட வேண்டும். வாசலில் நின்று ‘கண்டிப்பாக வருகிறேன்’ என்று சொல்லும் மூன்று பேரில் இரண்டு பேர் வந்தாலே நல்லது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படியானால் 4,350 உறுதிமொழிகள் வேண்டும். இரண்டு பேர் கொண்ட குழு ஒரு மணி நேரத்தில் இருபது கதவைத் தட்டி, ஆறேழு வீட்டில் ஆளைப் பார்த்து, நான்கு உறுதிமொழி வாங்கினால், சுமார் 1,090 குழு-மணி நேரம் பிடிக்கும். முப்பது குழுக்கள், மாலைக்கு மூன்று மணி நேரம், பன்னிரண்டு மாலைகள். இந்தக் கணக்கைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் இப்போதே மலைப்பது நல்லது. கடைசி வாரத்தில் தெரிந்தால் செய்வதற்கு எதுவும் இருக்காது.

தேதி உங்கள் கையில் இருக்கிறதா?

திரும்ப அழைக்கும் தேர்தல் தனியாக நடந்தால் கூட்டம் குறையும்; வழக்கமான தேர்தலோடு சேர்ந்து நடந்தால் கூடும். மனுவை எப்போது தாக்கல் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் தேதி அமையும். கலிஃபோர்னியாவின் உள்ளாட்சி விதிப்படி, தேர்தல் ஆணை பிறப்பித்த நாளிலிருந்து 88 நாளுக்குக் குறையாமலும் 125 நாளுக்கு மிகாமலும் தேர்தல் நடக்க வேண்டும். வேறொரு தேர்தலோடு சேர்ப்பதென்றால் 180 நாள் வரை போகலாம். இதுபோன்ற விதி உங்களுக்கும் இருந்தால், கையெழுத்துச் சரிபார்ப்புக்கு ஆகும் நாட்களையும் சேர்த்து, தேர்தல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தாக்கல் தேதியைக் குறியுங்கள். கையெழுத்து நிரம்பியதும் உற்சாகத்தில் மறுநாளே கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், யாரும் எதிர்பாராத ஒரு செவ்வாய்க்கிழமையில் தனித் தேர்தலைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள்.

பட்டியல்

கையெழுத்துத் தாள்களை அப்படியே தொடர்புப் பட்டியலாக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்படாதீர்கள். கலிஃபோர்னியா உட்படச் சில இடங்களில் மனுவில் உள்ள பெயரையும் முகவரியையும் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். அதனால் கையெழுத்து வாங்கும்போதே பக்கத்தில் ஒரு தனி அட்டையை வைத்திருங்கள். பெயர், தெரு, தொலைபேசி எண், ‘தேர்தல் தேதியை நினைவூட்டலாம்’ என்ற ஒரு வரி, அதற்குக் கீழே ஒப்புதல் கையொப்பம். விரும்புபவர்கள் நிரப்பட்டும். மனுவில் கையெழுத்திட்ட பத்துப் பேரில் மூன்று பேர் இந்த அட்டையை நிரப்பினாலே, அவர்கள்தான் நாளைக்குத் தெருவுக்கு ஒருவராக நிற்கப்போகிறவர்கள்.

பிறகு தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் பட்டியலை வாங்குங்கள். முந்தைய தேர்தல்களில் யார் வந்தார்கள் என்ற பதிவு கிடைக்கும் நாடுகளில் அதையும் கேளுங்கள். அதை வைத்து மூன்றாகப் பிரியுங்கள்: கடைசி நான்கு தேர்தலில் மூன்று அல்லது நான்கில் வந்தவர்கள், ஒன்று அல்லது இரண்டில் வந்தவர்கள், ஒன்றிலும் வராதவர்கள். உங்கள் நேரத்தின் பெரும்பகுதி நடுவில் இருப்பவர்களுக்குப் போக வேண்டும். முதல் குழுவுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். மூன்றாம் குழுவைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் உள்ளூரில் ஒரே ஒரு கேள்விக்காக நடக்கும் தேர்தலுக்கு, பொதுத் தேர்தலுக்கே வராதவரை அழைத்துவர நான்கைந்து முறை பேச வேண்டியிருக்கும். நடுக் குழு முடிந்த பிறகு அங்கே போங்கள். பழைய பதிவு கிடைக்காத ஊரில் அந்தந்தத் தெருவை அறிந்த இரண்டு பேரை உட்கார வைத்து, பட்டியலைப் பெயர் பெயராகப் படித்துக் குறிக்கச் சொல்லுங்கள். இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் இந்தச் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவார்கள். அவர்களை நீக்காமல் போட்ட சதவீதக் கணக்கு கடைசியில் உங்களை ஏமாற்றும்.

வாக்குச்சீட்டே குழப்பும்போது

‘நீக்க வேண்டுமா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ போட்டால் அவர் போவார், ‘இல்லை’ போட்டால் இருப்பார். எழுதிப் பார்த்தால் எளிது. ஆனால் ‘எனக்கு அவர் வேண்டும், அதனால் ஆம்’ என்று போடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் இதற்காகவே இரண்டு சின்னங்கள் பயன்படுத்தப்பட்டன: காலி நாற்காலி, ஆள் உட்கார்ந்த நாற்காலி. தலைவர் போக வேண்டும் என்பவர் காலி நாற்காலிக்கும், இருக்கட்டும் என்பவர் மற்றதற்கும் முத்திரை இடுவார்கள். எழுத்துப் படிக்காதவருக்கும் ஒரே பார்வையில் புரியும். சின்னம் இல்லாத ஊரிலும் உங்கள் நோட்டீஸில் இப்படியொரு படத்தைப் போடத் தடை இருக்காது. ஆனால் அது வாக்குச்சீட்டிலேயே இருப்பதாக நினைக்கவைக்கக் கூடாது.

சில இடங்களில் அதே சீட்டில் ‘அவர் நீக்கப்பட்டால் யார் வர வேண்டும்?’ என்று இரண்டாவது கேள்வியும் இருக்கும். கலிஃபோர்னியாவில் 2021-ல் ஆளுநரைத் திரும்ப அழைக்க நடந்த தேர்தலில் ஓட்டுப் போட்ட சுமார் 1.28 கோடி பேரில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டாம் கேள்வியைக் காலியாக விட்டார்கள். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டாலும் இரண்டாவதைப் பூர்த்தி செய்யலாம் என்பதை வாசலில் நின்று சொல்ல வேண்டும். அந்த மாநிலத்தில் உள்ளாட்சிகளுக்கு மட்டும் 2023 முதல் இரண்டாம் கேள்வி கிடையாது. பதவி காலியானால் வழக்கமான காலியிட விதிப்படி நிரப்பப்படும். பழைய நோட்டீஸைப் பார்த்து அச்சடித்தால் இல்லாத கேள்விக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் தேர்தல் அலுவலகம் வெளியிடும் மாதிரி வாக்குச்சீட்டு கையில் வராமல் எதையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

நோட்டீஸ் ஒரே பக்கம் இருக்கட்டும். மேலே பெரிய எழுத்தில் தேதியும் நேரமும், நடுவில் மாதிரிச் சீட்டு, கீழே சாவடி முகவரியும் கொண்டுவர வேண்டிய அடையாள ஆவணமும். மேயர் மீதான பன்னிரண்டு குற்றச்சாட்டுகளைப் பின்பக்கத்தில் நெருக்கி அடிப்பதால் பயனில்லை. ஆத்திரம் ஏற்கெனவே இருப்பவருக்கு அது தேவையில்லை. இல்லாதவர், ‘எல்லாரும் இப்படித்தான்’ என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

சாவடி மாறியிருக்கும்

செலவைக் குறைக்கத் தேர்தல் நிர்வாகம் வாக்குச்சாவடிகளை இணைப்பது இத்தகைய தேர்தல்களில் வழக்கம். இதன் விலை என்ன என்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் (கவுண்டி) திரும்ப அழைக்கும் தேர்தலுக்காகச் சாவடிகளை இணைத்தார்கள். சாவடி மாறியவர்களிடையே நேரில் வந்து போடுவது 3.03 சதவீதப் புள்ளி குறைந்தது. தபால் ஓட்டு 1.18 புள்ளி கூடியது. நிகர இழப்பு 1.85 புள்ளி. தூரம் மட்டுமே காரணமில்லை. புதிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமமே ஒரு தடை.

ஆகவே சாவடிப் பட்டியல் வெளியானதும் பழையதோடு ஒப்பிட்டு, மாறிய தெருக்களை மட்டும் சிவப்பில் குறியுங்கள். அந்தத் தெருக்களுக்குத் தனி நோட்டீஸ் கொடுங்கள்: ‘உங்கள் சாவடி மாறிவிட்டது. இந்த முறை நூலகக் கட்டடம், பின்வாசல்.’ பின்வாசல் என்பதுவரை எழுத வேண்டும். வாக்குப்பதிவு அன்று பழைய சாவடி வாசலில், சட்டம் அனுமதிக்கும் தூரத்தில், புதிய இடத்துக்கு வழிகாட்ட ஒருவர் காலை முதல் மாலை வரை நிற்கட்டும்.

தபால் வாக்கு உள்ள ஊரில் தவறு வேறு இடத்தில் நடக்கிறது. உறையின் மேல் கையெழுத்துப் போட மறப்பது, பதிவேட்டில் உள்ளதற்குப் பொருந்தாத கையெழுத்து, கடைசி நாளுக்குப் பின் வந்து சேருவது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலான நிராகரிப்புகளுக்குக் காரணம். கையெழுத்துக் குறையைப் பின்னர் சரிசெய்ய அவகாசம் தரும் இடங்களில், நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒவ்வொருவரையும் அழைக்க இரண்டு பேரை ஒதுக்குங்கள். நெருக்கமான முடிவை இந்த இரண்டு பேரே மாற்றக்கூடும்.

வாசலில் பேசுவது

1998-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினரை நேரில் சந்தித்தார்கள், ஒரு பகுதிக்குக் கடிதம் அனுப்பினார்கள், ஒரு பகுதியினரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் பேசியவர்களிடம் வாக்குப்பதிவு எட்டுப் புள்ளிக்கும் மேல் கூடியது. கடிதத்தின் பலன் சொற்பம். கூலிக்கு ஆள் வைத்து அழைத்த தொலைபேசிக்குப் பலனே இல்லை. அந்தச் சோதனைக்குப் பிறகு எத்தனையோ ஊடகங்கள் வந்துவிட்டன. உள்ளூர்த் தேர்தலில் கதவைத் தட்டுவதற்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை என்பதே எங்கள் கருத்து.

பேச்சு இரண்டு நிமிடம் போதும். தேதி தெரியுமா என்று முதலில் கேளுங்கள். தெரியாது என்றால் அதுவே பேச்சின் தொடக்கம். மாதிரிச் சீட்டைக் காட்டுங்கள். பிறகு முக்கியமான மூன்று கேள்விகள்: ‘எத்தனை மணிக்குப் போவீர்கள்? எங்கிருந்து கிளம்புவீர்கள்? அதற்கு முன்னால் என்ன வேலை இருக்கும்?’ 2008-ல் பென்சில்வேனியாவில் தொலைபேசியிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்களிடம் வருகை 4 புள்ளியளவு கூடியது. ஒரே வாக்காளர் உள்ள வீடுகளில் 9 புள்ளியளவு. தனியாக இருப்பவரிடம் வீட்டில் வேறு யாரும் ‘எப்போது போகிறாய்?’ என்று கேட்பதில்லை, அவ்வளவுதான். அவர் சொல்லும் நேரத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘மாலை 5, வேலை முடிந்து நேராக’ என்று எழுதியிருந்தால் அன்று 4:30-க்கு அழைக்கலாம்.

வீட்டில் ஒருவரைப் பார்த்தால் மற்றவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள். ஒருவரிடம் ஏற்படும் ஆர்வத்தின் பெரும்பங்கு அதே வீட்டில் இன்னொரு வாக்காளருக்கும் தொற்றுகிறது என்பதும் சோதனையில் கண்டதுதான்.

ஒரு எச்சரிக்கை. ‘நீங்கள் கடந்த முறை வரவில்லை, உங்கள் பக்கத்து வீட்டார் வந்தார்கள்’ என்று கடிதம் அனுப்பினால் வருகை கூடும். மிச்சிகனில் 2006-ல் அப்படி அனுப்பியபோது 29.7 சதவீதம் 37.8 ஆனது. ஆனாலும் இதைச் செய்யாதீர்கள். பதவியில் இருப்பவர் மேல் உள்ள பகை தெருவுக்குள் புகுந்துவிட்ட தேர்தலில் இது மிரட்டலாகவே படும். கடந்த முறை வந்தவருக்கு ‘வந்ததற்கு நன்றி, இந்த முறையும் வாருங்கள்’ என்று எழுதுவது மரியாதை. அதற்கும் பலன் உண்டு.

‘யாரும் போகாதீர்கள்’ என்று எதிர்த்தரப்பு சொன்னால்

வருகை வரம்பு உள்ள ஊரில் பதவியைக் காக்க எளிய வழி தன் ஆதரவாளர்களை வீட்டில் இருக்கச் சொல்வது. வார்சாவில் அப்படிச் சொன்னார்கள். ‘நீக்கு’ ஓட்டுக்கு மட்டும் வரம்பு உள்ள காவ்சியோங்கிலும்கூடச் சொன்னார்கள். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் இதனால் ஒரு கேடு விளைகிறது. மேயரை எதிர்ப்பவர்கள் மட்டுமே வருவார்கள் என்றாகிவிட்டால், சாவடிக்குள் நுழைவதே யாருக்கு ஓட்டு என்று சொல்வதாகிவிடும். ரகசிய வாக்கின் ரகசியம் வாசலிலேயே போய்விடும். மேயரின் கீழ் வேலை செய்பவர், நகராட்சி ஒப்பந்தத்தை நம்பி இருப்பவர், சின்ன ஊரின் கடைக்காரர் எல்லோரும் இதனால்தான் வருவதில்லை. அவர்களைப் போய் அலட்சியம் என்று திட்டுவது அநியாயம்.

இங்கே என்ன செய்யலாம்? தபால் வாக்கோ முன்கூட்டியே போடும் வசதியோ இருந்தால் இவர்களுக்கு முதலில் அதைச் சொல்லுங்கள். பக்கம் சேராத பெரியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சங்கங்கள் ஆகியோரிடம் ‘ஆமோ இல்லையோ, வந்து போடுங்கள்’ என்ற ஒரு வரி அழைப்பில் பெயர் கொடுக்கக் கேளுங்கள். மேயரை ஆதரிப்பவர்கள் இருபது பேர் வெளிப்படையாகச் சாவடிக்கு வந்தாலே, வருபவர் மேல் விழும் சந்தேகம் கரையத் தொடங்கும். நீங்கள் நீக்கக் கோரும் தரப்பாக இருந்தாலும் ‘இல்லை’ ஓட்டை வரவேற்பதாகச் சொல்லுங்கள். வரம்பை எட்ட அந்த ஓட்டும் எண்ணப்படும்.

கடைசி நான்கு நாட்கள்

தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போதே புதிய ஆட்களைத் தேடுவதை நிறுத்துங்கள். உறுதிமொழி கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு சுற்று. முந்தைய நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி: அவர் சொன்ன நேரம், சாவடி முகவரி. நேரில் பேசிய அதே தன்னார்வலரின் பெயரில் போகட்டும். மொத்தமாக அனுப்பும் செய்தியை யாரும் படிப்பதில்லை.

வாக்குப்பதிவு அன்று காலை, நண்பகல், மாலை 4 என மூன்று முறை பட்டியலைப் புதுப்பியுங்கள். வந்தவர்களின் பெயரைத் தேர்தல் அலுவலர் வெளியிடும் இடங்களில் அங்கிருந்து எடுங்கள். இல்லையென்றால் உறுதிமொழி தந்தவர்களே போட்டுவிட்டுச் செய்தி அனுப்பும்படி முன்பே கேட்டுவையுங்கள். வந்தவரின் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டு, மீதிப் பேரை மட்டும் அழையுங்கள். ஏற்கெனவே போட்டவரை மூன்று முறை அழைத்து எரிச்சலூட்டுவதுதான் அன்றைய நாளில் அடிக்கடி நடக்கும் தவறு.

வண்டி ஏற்பாடு செய்வதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் அது சாதாரண உதவி. இந்தியாவிலோ, வேட்பாளர் தரப்பு வாடகை வண்டியில் வாக்காளரை ஏற்றிவருவதை முறைகேடான செயலாக நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கான மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பட்டியலிடுகிறது. ஓட்டுக்காகப் பணமோ பரிசோ கொடுப்பது எங்கும் கூடாது. உணவுப் பொட்டலம்கூட வேண்டாம். முடிவை எதிர்த்து வழக்குப் போட அது ஒன்று போதும்.

இரவு முடிவு வந்ததும் பட்டியலை மூட்டை கட்டாதீர்கள். பதவி காலியானால் அடுத்த தேர்தல் விரைவில் வரும். காவ்சியோங்கில் ஜூனில் மேயர் நீக்கப்பட்டு, ஆகஸ்ட் 15-ல் இடைத்தேர்தல் நடந்தது. வருகை முதலில் 42.14 சதவீதம், பிறகு 41.83. சாவடி வாரியாக எத்தனை உறுதிமொழி, எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்த வாரத்திலேயே எழுதி வையுங்கள். எந்தத் தெருவில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு பொய்த்ததோ, இடைத்தேர்தலுக்கு முதலில் போக வேண்டிய தெரு அதுதான்.